போசிக்கு அடியில் ஒரு செம்பு மடிப்பு

2019 செப்டம்பரில் ஹிமாசலத்தின் ஹம்ப்டா கணவாயைத் தாண்டி இறங்கிய அன்று சாயங்காலம், ஷியா கோருவில் எங்கள் அடுப்பு அணைந்தது. மூன்று பேர், 230 கிராம் வாயு உருளை ஒன்று. நான்கு நாளைக்குப் போதும் என்று கணக்குப் போட்டவன் நான்தான். மூன்றாம் நாளே காலி.

அன்று பகலெல்லாம் மழை. 4,270 மீட்டரில் அது ஆலங்கட்டியாக விழுந்தது. கூட வந்த நண்பனுக்கு இறங்கிய பிறகும் நடுக்கம் நிற்கவில்லை. பேச்சு குழறியது. கையுறையைக் கழற்ற விரல் வளையவில்லை. சூடாக ஏதாவது உள்ளே போக வேண்டும் என்று எங்களுக்குத் தெரியும். ஆனால் போசியில் இருந்தது விரல் விட்டால் இதமாக இருக்கும் அளவுக்கு மட்டும் சுட்ட தண்ணீர். கொஞ்ச தூரத்தில் ஆட்டு மந்தையோடு தங்கியிருந்த கத்தி இடையர்கள் கூடாரத்துக்குள் அவனைக் கூட்டிக்கொண்டு போய், கரி பிடித்த கெட்டிலில் இருந்து மூன்று டம்ளர் தேநீர் கொடுத்தார்கள். அரை மணி நேரத்தில் ஆள் தேறிவிட்டான். நான் தேற நாளாச்சு.

ஊருக்கு வந்ததும் முதலில் போட்ட கணக்கு இது. அரை லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 95 டிகிரிக்குக் கொண்டுபோக 146.5 கிலோஜூல் வேண்டும். பியூட்டேன் ஒரு கிராம் எரிந்தால் ஏறக்குறைய 45.7 கிலோஜூல் கிடைக்கும். அப்படியானால் 3.2 கிராம் போதும். கொதிநிலை வரை போகாமல் 95-இல் நிறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. 'கொதித்துவிட்டது' என்பதை ஆளுக்கொரு நேரத்தில் சொல்வார்கள். 95 என்றால் வெப்பமானி சொல்லும்.

நகைக்கடையில் வைத்திருப்பார்களே, அந்த மாதிரி 0.1 கிராம் வரை காட்டும் சின்னத் தராசு ஒன்று வாங்கினேன். உருளையைச் சூடாக்குவதற்கு முன்னும் பின்னும் எடை போட வேண்டியதுதான். மின்விசிறி நிறுத்தி, மூடி போட்டு, போசியை முழுசாக ஆறவிட்டு, ஒவ்வொன்றையும் மூன்று தடவை செய்தேன். முழுத் தீயில் ஆன செலவு 7.2 கிராம். அதாவது வாங்கின வாயுவில் பாதிக்கு மேல் கோயம்புத்தூரைச் சூடாக்கப் போயிருக்கிறது. ஊருக்கு அது தேவையே இல்லை.

அடுத்து நான் செய்தது எல்லாரும் செய்வதுதான். பாத்திரத்தின் உலோகத்தைச் சந்தேகப்பட்டேன். அலுமினியம் வெப்பத்தை நன்றாகக் கடத்தும், எவர்சில்வர் மோசம், டைட்டானியமும் மோசம் என்று மலையேறுகிறவர்கள் சண்டை போட்டுக்கொள்வார்கள். டவுன்ஹால் பக்கம் பாத்திரக்கடையில் 165 கிராம் எடையில் மெல்லிசான எவர்சில்வர் போசி ஒன்று வாங்கி, அலுமினியப் பாத்திரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். அலுமினியம் 7.1, எவர்சில்வர் 7.2. தராசின் தடுமாற்றமே அவ்வளவு இருக்கும். வித்தியாசம் இல்லை என்றே சொல்ல வேண்டும்.

ஏன் என்று புரிந்தபோதுதான் இந்த வேலை முழுவதும் எனக்குப் புரிந்தது. தீயிலிருந்து தண்ணீருக்குப் போகும் வெப்பம் மூன்று டோல்கேட்டைத் தாண்டுகிறது. சூடான காற்றிலிருந்து உலோகத்தின் வெளிப்பக்கத்துக்கு வருவது முதல் கேட். உலோகத்தைக் குறுக்கே கடப்பது இரண்டாவது. உள்பக்கத்திலிருந்து தண்ணீருக்குள் இறங்குவது மூன்றாவது. ஒரு சதுர மீட்டர் பரப்பில், ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு எத்தனை வாட் போகும் என்று ஒவ்வொன்றையும் அளக்கலாம். தண்ணீர்ப் பக்கத்தில் ஆயிரத்தை ஒட்டி இருக்கும், குமிழி வர ஆரம்பித்தால் இன்னும் பல மடங்கு ஏறும். 0.4 மில்லிமீட்டர் எவர்சில்வர் தகட்டில் 40,000. ஒரு மில்லிமீட்டர் அலுமினியத்தில் இரண்டு லட்சத்துக்கு மேல். காற்றுப் பக்கம்? வெறும் 50, 60, மிஞ்சினால் 100.

முதல் கேட்டில் ஒரே ஒரு ஆள் உட்கார்ந்து சில்லறை எண்ணிக்கொண்டிருக்கும்போது, இரண்டாவது கேட்டில் 40,000 பேர் இருந்தால் என்ன, இரண்டு லட்சம் பேர் இருந்தால் என்ன? வண்டி வந்தால்தானே. தோசைக்கல்லுக்கும் குழம்புச் சட்டிக்கும் இது பொருந்தாது. அங்கே சூடு பக்கவாட்டில் சமமாகப் பரவ வேண்டும், இல்லாவிட்டால் ஒரு இடத்தில் மட்டும் அடிப்பிடிக்கும். வெறும் தண்ணீர் காய்ச்ச மட்டும் உலோகம் எது என்பது பெரிய விஷயமே இல்லை.

காற்றுப் பக்கத்தில் நாம் மாற்றக்கூடியது ஒன்றுதான், பரப்பு. தகடுகளை அடியில் நிற்கவைத்தால் சூடான காற்று தொடும் இடம் கூடும். பைக் எஞ்சினைச் சுற்றி வரிவரியாக இருக்கிறதே, அதே யோசனை. அங்கே வெப்பத்தை வெளியே தள்ளுவதற்கு, இங்கே உள்ளே இழுப்பதற்கு. ஜெட்பாய்ல் அடுப்பு 2004 வாக்கில் இதே வேலையைச் செய்கிற உலோக மடிப்பு வளையத்தோடுதான் சந்தைக்கு வந்தது. ஆக்ஸ்ஃபோர்டில் ஜெட் எஞ்சின் குளிர்விப்பை ஆராய்கிற பேராசிரியர் தாமஸ் போவி 2014-இல் பக்கவாட்டில் வரிகள் ஓடும் சமையல் பாத்திரம் ஒன்றை வடிவமைத்தார். அவரும் மலையேறுகிறவர். வாங்கிவிட்டுப் போகலாமே என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். பதில் சொல்லாமல் பட்டறைப் பக்கம் போய்விட்டேன்.

முதல் முயற்சி பசை. உலோகம் ஒட்டும் எபாக்சியை வைத்து, பழைய கணினி ஹீட்சிங்கிலிருந்து அறுத்தெடுத்த அலுமினிய வரிகளை அலுமினியப் பாத்திரத்தின் அடியில் ஒட்டினேன். நான்கு நாள் நன்றாக வேலை செய்தது. ஐந்தாம் நாள் போன் பேசிக்கொண்டே தண்ணீர் வற்றும் வரை விட்டுவிட்டேன். பசை கறுத்து, நாற்றம் அடித்து, வரிகள் ஒவ்வொன்றாக அடுப்பில் விழுந்தன. இரண்டாவது முயற்சியில் அலுமினியத்துக்கென்றே விற்கும் பற்றுக்கம்பியை வாங்கி டார்ச்சால் சுட்டேன். அலுமினியம் உருகும் முன் சிவக்காது, எச்சரிக்கை எதுவும் தராது. 'இன்னும் கொஞ்சம்' என்று நினைத்த நொடியில் பாத்திரத்தின் அடியில் எட்டணா அளவுக்கு ஓட்டை.

அப்போதுதான் எவர்சில்வர் போசி ஞாபகத்துக்கு வந்தது. உலோகம் எது என்பது முக்கியமில்லை என்று நானே கண்டுபிடித்துவிட்டு, எதற்கு அலுமினியத்தைக் கட்டி அழ வேண்டும்?

எங்கள் பகுதியில் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிற பெரியவர் ஒருவர் இருக்கிறார். போசியையும் செம்புத் தகட்டையும் எடுத்துக்கொண்டு போனேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏனுங் தம்பி, இது எவர்சில்வருங்க. நவச்சாரத்துக்கெல்லாம் மசியாதுங்க."

"அப்ப என்ன பண்றதுங்க?"

"ஆசிடுல துத்தநாகத்தப் போட்டு அடங்க உட்டு, அதைத் தடவுனாப் புடிக்குமுங்க. ஆனா அடுப்புல வெக்கற போசிக்கு அடியில பத்து வெச்சா உருகி ஊத்தீருமுங்களே?"

சரியான சந்தேகம். உள்ளே தண்ணீர் இருக்கும் வரை ஊற்றாது என்பதுதான் பதில். மேலே சொன்ன டோல்கேட் கணக்கே இதற்கும் உதவுகிறது. தண்ணீர்ப் பக்கம் தாராளமாக வாங்கிக்கொள்வதால், தீ ஆயிரம் டிகிரியில் இருந்தாலும் போசியின் அடித்தகடு 110 டிகிரியைப் பெரிதாகத் தாண்டாது. செம்பு வரியின் நுனி 170 டிகிரி வரை போகலாம். பற்று இருப்பது நுனியில் இல்லை, அடியில். நான் கொண்டுபோன பற்று 220 டிகிரியை ஒட்டித்தான் உருகும்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். நாம் 'ஈயம்' என்று ஒரே வார்த்தையால் இரண்டைச் சொல்லிவிடுகிறோம். பாத்திரத்துக்குப் பூசுவது வெள்ளீயம். பற்று வைக்கப் பயன்படும் சாதாரணக் கம்பியில் அதோடு காரீயமும் கலந்திருக்கும், அது விஷம். வெளிப்பக்கம்தானே என்று விட முடியாது. மூட்டை கட்டும்போது டம்ளரும் கரண்டியும் அந்த அடியில்தான் உரசும். அதனால் காரீயம் கலக்காத கம்பியை மின்னணுச் சாமான் கடையில் வாங்கிக்கொண்டு போனேன். வேலை முடிந்ததும் அமிலத்தைச் சோடா மாவுத் தண்ணீரில் நன்றாகக் கழுவ வேண்டும். ஒரு சொட்டு தங்கினாலும் எவர்சில்வரில் புள்ளி புள்ளியாக அரித்துவிடும்.

செம்புத் தகடு 0.3 மில்லிமீட்டர் தடிமன், 12 மில்லிமீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் நீளம். அதைப் புடவைக் கொசுவம் மாதிரி 36 மடிப்பாக மடித்து, வட்டமாக வளைத்து, அடியின் ஓரத்தில் நிற்கவைத்துப் பற்று வைத்தோம். நடுவில் வெறுமை. போசியின் அடிப்பரப்பு சுமார் 113 சதுர சென்டிமீட்டர். மடிப்பின் இரண்டு பக்கமும் சேர்த்தால் இன்னொரு 360. செம்பு 48 கிராம், பற்று 8 கிராம், ஆக மொத்தம் 56 கிராம் எடை ஏறியது.

மடிப்பை இன்னும் உயரமாக வைத்தால் இன்னும் நல்லதா என்று கேட்கலாம். ஓரளவுக்குத்தான். வரியின் நுனியில் வாங்கிய வெப்பம் வரி வழியாகவே அடிக்கு வந்து சேர வேண்டும். இந்த உயரத்தில் செம்பு வரி தன் பரப்பில் 95 சதவீதத்தைப் பயனுள்ளதாக ஆக்குகிறது. இதே அளவில் எவர்சில்வர் வரி என்றால் பாதியைத் தாண்டுவதே பாடு. பாத்திரத்தில் முக்கியமில்லாத உலோகம் வரியில் முக்கியமாகிவிடுகிறது. பாத்திரத்தில் வெப்பம் அரை மில்லிமீட்டர் நடக்கிறது, வரியில் 12 மில்லிமீட்டர் நடக்கிறது.

முதல் சோதனையில் முழுத் தீயில் 7.2 கிராம் 5.2 ஆனது. நேரம் இரண்டே கால் நிமிடத்திலிருந்து ஒன்றே முக்கால் நிமிடத்துக்குக் கீழே வந்தது. அன்றைக்கு ராத்திரி சந்தோஷமாகத் தூங்கினேன்.

மறுநாள்தான் விஷயம் தெரிந்தது. நண்பன் ஒருவனிடம் கார்பன் மோனாக்சைடு காட்டும் கருவி இருந்தது. துணி துவைக்கிற சின்ன அறையில் ஜன்னலைச் சாத்தி, அடுப்பைப் பற்றவைத்து, கருவியை உள்ளே வைத்துவிட்டுக் கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெறும் போசியில் எண் மெதுவாக அசைந்தது. அறையைத் திறந்து நன்றாகக் காற்றாடவிட்ட பிறகு மடிப்பு வைத்த போசியை ஏற்றினேன். எண் ஏறிக்கொண்டே போய் அலாரம் அடித்தது. தீ நீலமாகத்தான் எரிந்தது. மஞ்சள் இல்லை, புகை இல்லை, வாசனை இல்லை. கண்ணுக்கு அது முதல்தரமான தீ.

நடந்தது இதுதான். வாயு எரியும்போது முதலில் கார்பன் மோனாக்சைடு ஆகி, பிறகு இன்னொரு ஆக்சிஜனைப் பிடித்து கார்பன் டைஆக்சைடு ஆகிறது. இரண்டாவது படி நடந்து முடிய சூடு வேண்டும், கொஞ்சம் இடம் வேண்டும். அந்தத் தீ பாதி வழியில் 150 டிகிரிச் செம்பில் போய் இடித்தால், தீயைப் பொறுத்தவரை அது பனிக்கட்டி. எரிதல் அங்கேயே உறைந்துவிடும். போதாததற்கு என் மடிப்புகள் நெருக்கமாக இருந்ததால் எரிந்த காற்று வெளியே போகவும் திணறியது. வெப்பத்தை உறிஞ்சுவதற்காக நான் செய்த அதே வேலை தீயைப் பாதியில் கொன்றுகொண்டிருந்தது.

ஷியா கோருவில் அன்று இந்தப் போசி எங்களிடம் இருந்திருந்தால் என்ன செய்திருப்போம் என்று யோசித்துப் பார்த்தேன். மழை, காற்று, நடுங்குகிற ஆள். கூடார வாசலை இழுத்து மூடிக்கொண்டு உள்ளேயே அடுப்பை வைத்திருப்போம். நிச்சயமாக வைத்திருப்போம். வெந்நீரும் சீக்கிரம் கிடைத்திருக்கும். தலைவலி வந்தால் உயரத்தால் வந்தது என்று நினைத்துப் படுத்திருப்போம்.

திருத்தம் இரண்டு செய்தேன். அடுப்பின் தாங்கிகளுக்கு மேல் கம்பி வளையம் ஒன்று வைத்துப் போசியை 5 மில்லிமீட்டர் உயர்த்தினேன். தீயின் உள்கூம்பு படும் இடத்துக்கு அருகில் நீட்டிக்கொண்டிருந்த மடிப்பு முனைகளை வெளிப்பக்கமாகத் தள்ளி நடு வெறுமையைப் பெரிதாக்கினேன். அலாரம் நின்றது. எண் வெறும் போசியின் அளவை ஒட்டி வந்தது, முழுசாக அதே அளவுக்கு வரவில்லை. அதற்குக் கொடுத்த விலை 0.3 கிராம், அதாவது 5.2 என்பது 5.5 ஆனது. கூடாரத்துக்குள் அடுப்பு கிடையாது என்பதை அன்றிலிருந்து சட்டமாக வைத்திருக்கிறேன், எந்தப் போசியாக இருந்தாலும்.

இதற்குப் பிறகு வந்த கணக்குதான் கொஞ்சம் வயிற்றெரிச்சல். வெறும் போசியை, எந்த மடிப்பும் இல்லாமல், தீயை மட்டும் குறைத்து வைத்துச் சுட வைத்தேன். 5.6 கிராம். ஆமாம், குமிழைத் திருப்பினதுக்கே. முழுத் தீயில் சூடான காற்று போசியின் அடியைத் தொட்டும் தொடாமலும் பக்கவாட்டில் ஓடிப்போகிறது. சின்னத் தீயில் அது நிதானமாக நகர்ந்து, கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டுப் போகிறது. நேரம் மட்டும் இரண்டு மடங்கு, ஐந்து நிமிடத்தை ஒட்டி. நான் மூன்று மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு 56 கிராம் செம்பைச் சுமந்து அடைந்ததை, பொறுமை இருந்தால் சும்மாவே அடைந்துவிடலாம். மடிப்போடு சின்னத் தீ வைத்தால் 4.6. இதுதான் நான் தொட்ட குறைந்தபட்சம், 70 சதவீதத்தை ஒட்டிய திறன். நம் வீட்டு கேஸ் அடுப்புக்கு இந்தியத் தரக் கட்டுப்பாடு கேட்கும் குறைந்தபட்சம் 68 சதவீதம்.

எடைக் கணக்கும் பார்க்க வேண்டும். முழுத் தீயில் தடவைக்கு 1.7 கிராம் மிச்சம் என்றால், 56 கிராமை ஈடுகட்ட 33 தடவை சுட வைக்க வேண்டும். சின்னத் தீயில் 56 தடவை. தனியாக இரண்டு நாள் மலைக்குப் போகிறவருக்கு இந்த மடிப்பு வெறும் சுமை. மூன்று பேர், நான்கு நாள், நாளைக்குப் பத்து அரை லிட்டர் என்றால் 40 தடவை. வெறும் போசியில் முழுத் தீ வைத்தால் 288 கிராம், இரண்டாவது உருளை வேண்டும். மடிப்போடு 220, ஒரே உருளையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு முடித்துவிடலாம். வெறும் போசியில் சின்னத் தீ வைத்தால் 224, அதுவும் ஒரே உருளைதான்! ஆனால் இதெல்லாம் காற்றில்லாத சமையலறைக் கணக்கு.

மேசை விசிறியை இரண்டு மீட்டர் தள்ளி மெதுவாக ஓடவிட்டேன். கதை மாறியது. சின்னத் தீ அணைந்து அணைந்து போனது. முழுத் தீயில் வெறும் போசி 13 கிராமுக்கு மேல் குடித்தது. மடிப்பு வைத்தது 8.6. ஓடுகிற காற்றைக் கொசுவத்தின் இடுக்குகள் பிடித்து வைத்துக்கொள்கின்றன. அவசரமும் காற்றும் இருக்கிற இடத்தில், அதாவது குமிழைத் திருப்பிப் பொறுமை காட்ட முடியாத இடத்தில்தான் மடிப்புக்கு மரியாதை. ஷியா கோரு அப்படிப்பட்ட இடம்.

அதே விசிறிக்கு முன்னால் வெறும் போசிக்கு மூன்று பக்கமும் மெல்லிய அலுமினியத் தகட்டை மறைப்பாக நிறுத்தியபோது 7.9 கிராம். செம்பைவிடக் குறைவு, எடை 40 கிராம், செலவு கிட்டத்தட்ட இல்லை. ஆக முதலில் செய்ய வேண்டியது மறைப்புதான். ஒரு எச்சரிக்கை மட்டும் உண்டு. உருளையின் தலையிலேயே திருகுகிற அடுப்பு என்றால் நான்கு பக்கமும் மூடிவிடக் கூடாது. வெப்பம் உருளையிலேயே திரும்பி விழுந்து அது வெடிக்கும். ஒரு பக்கம் திறந்தே இருக்கட்டும். அவ்வப்போது உருளையைத் தொட்டுப் பாருங்கள். கை சுட்டால் உடனே மறைப்பை எடுத்துவிடுங்கள்.

இப்போது நான் மலைக்குப் போகும்போது, மூன்று பேருக்கு மேல் என்றால் செம்புப் போசியும் மறைப்பும். தனியாகவோ இரண்டு பேராகவோ என்றால் வெறும் போசியும் மறைப்பும். செம்புப் போசியில் தண்ணீரைத் தவிர எதுவும் காய்ச்சுவதில்லை, அது வற்றவும் விடுவதில்லை. போசியும் செம்பும் சேர்ந்து வெறும் 220 கிராம். தண்ணீர் வற்றிவிட்டால் அது 220 டிகிரியைத் தொட முழுத் தீயில் பத்துப் பதினைந்து விநாடி போதும், கொசுவம் மொத்தமாகக் கழன்று விழுந்துவிடும். வடக்கே போவதென்றால் உருளையை அங்கே போய்த்தான் வாங்க வேண்டும், விமானத்தில் அனுமதி இல்லை. நடுங்கிய நண்பன் இன்னமும் கூட வருகிறான். அடுப்பு இப்போது அவன் பொறுப்பு. தராசையும் அவனே சுமக்கிறான்.

போன மாதம் ஈயம் பூசுகிற பெரியவரைப் பார்த்தபோது, அவருக்கும் ஒன்று செய்துகொள்ளலாமா என்று கேட்டார். கடைக்குப் பின்னால் விறகடுப்பில்தான் அவருக்குத் தேநீர். வேண்டாமுங்க என்றேன். விறகுப் புகையில் இரண்டே நாளில் இடுக்கெல்லாம் கரி அடைத்துக்கொள்ளும், அடைத்த கரி வெப்பத்தை விடாது, சுரண்டி எடுக்கவும் முடியாது. விறகடுப்புக்கு மொழுமொழு அடிதான் நல்லது. சாம்பலைக் குழைத்து அடியில் பூசிவிட்டு அடுப்பில் ஏற்றினால் கரி தேய்க்கச் சுலபமாகப் போய்விடும் என்றேன்.

"அதை எனக்கே சொல்றீங்களாக்கும்" என்று சிரித்துவிட்டுத் தேநீரை ஊற்றினார்.